பத்தாவது ஆள்

ஜன்னலைச் சாத்திடாதீங்கம்மா. வெயில் அடிச்சா அடிக்கட்டும், காத்து இல்லாம உக்கார முடியாது. இருங்க, பையில ஒரு சின்ன ஃபேன் இருக்கு, சார்ஜ்ல ஓடுறது. முன் சீட்டுக் கம்பியில மாட்டிக்கலாம். இந்தா. உங்க பக்கமும் கொஞ்சம் திருப்பி வைக்கறேன். ஒன்பது வருஷத்து ஃபேன். பேட்டரி மட்டும் ரெண்டு தடவை மாத்தினேன். மஸ்கட்லேருந்து வந்தது. எங்க வீட்டுல யாரும் மஸ்கட்ல இல்லை. அது ஒரு கதை.

கையில என்ன, விருப்பப் பாடத்துக்கு எழுதிக் கொடுக்கற பாரமா? தப்பா எடுத்துக்காதீங்க, எட்டிப் பாத்துட்டேன். நீங்க டீச்சர்னு ஏறும்போதே தெரிஞ்சுபோச்சு. பின் சீட்டுல சத்தம் போட்ட பையன்களை ஒரு முறை முறைச்சீங்களே, அதுலயே தெரிஞ்சுது. எம்.எட். கோடை வகுப்புதானே? மூணாவது கோடையா? அப்ப இந்த வருஷம்தான் விருப்பப் பாடம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பாரம் கொடுத்தாகணும். எனக்கு எல்லாம் அத்துப்படி. நானும் அங்கதான் போறேன். படிக்கறதுக்கு இல்லை, ஐம்பத்திரெண்டு வயசுல இனி என்ன படிப்பு. வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. வழிகாட்டலும் ஆலோசனையும். அந்தப் பாடத்துல எங்க வருஷம் நான்தான் முதல் மதிப்பெண். பேராசிரியர் மறக்காம வச்சிருந்து கூப்பிட்டிருக்கார்.

என் பேர் முத்துச்செல்வி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல தமிழ் எடுக்கறேன்.

ஒரு விஷயம் கேக்கறேன், நீங்க பொதுவா ஒரு ஆளா இருந்து சொல்லுங்க. ஒரே ஸ்டாஃப் ரூம்ல எனக்கு எதிர் நாற்காலியில ஒருத்தி இருக்கா. ஞானசௌந்தரின்னு பேர், ஞானம் டீச்சர்னு கூப்பிடுவோம், கணக்கு எடுக்கறா. என்னைவிட ஆறு வயசு சின்னவ. முன்னால எல்லாம் என் டப்பாவுல அவ கை, அவ டப்பாவுல என் கை. இப்ப ஒன்பது வருஷமா என்கிட்ட பேசறதில்லை. பேசாமன்னா பேசாம இல்லை, பேசுவா. "டீச்சர், சாக்பீஸ் தீந்துட்டு." "டீச்சர், எட்டாங்கிளாஸ் நோட்டு உங்க மேஜையில இருக்கு." அவ்வளவுதான். சண்டை போட்டாலாவது சமாதானம் பண்ணலாம். இது எந்தக் கணக்குல வருதுன்னே தெரியலை. நான் அவளுக்கு ஒரு தப்பும் பண்ணலை. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் கோடை வகுப்புக்குப் போனோம். நான்தான் அவளைக் கிளப்பிவிட்டேன். கணக்கு டீச்சருக்கு எம்.எட். இருந்தா மேல்நிலைக்குப் போகலாம், சும்மா கிடக்காதேன்னு. லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரே ரூம். பகல்ல வகுப்பு, ராத்திரி அசைன்மென்ட். நாற்பது வயசுல பிள்ளைங்க மாதிரி தட்டைத் தூக்கிக்கிட்டு மெஸ்ஸுல வரிசையில நிப்போம். வீட்டுல ஆம்பளைங்க சோத்துக்கு என்ன பண்றாங்களோன்னு ஒரு கவலை, நமக்கு யாரோ ஆக்கிப் போடுறாங்களேன்னு ஒரு சந்தோஷம். உங்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?

மூணாவது கோடையில விருப்பப் பாடம். ரெண்டு தான் இருந்தது. ஒண்ணு மதிப்பீடும் புள்ளியியலும். அது முதல் பேட்ச், ஏப்ரல் இருபத்தொண்ணுலேருந்து மே பத்து வரைக்கும். இன்னொண்ணு ஆலோசனை. அது மே பதினொண்ணுலேருந்து மே முப்பது. எனக்குப் புள்ளியியல்னாலே காய்ச்சல் வரும். ஞானத்துக்கு அது கை வந்த பாடம். அதோட அவ வீட்டுக்காரர் மே பத்தாம் தேதி லீவுல வர்றார். மஸ்கட்ல வெல்டர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, முப்பது நாள். முப்பதுன்னா முப்பதுதான், முப்பத்தொண்ணு கிடையாது. அதனால அவ முதல் பேட்ச்சை எழுதிப் பாரத்தை மடிச்சுக் கையில வச்சிருந்தா. பத்தாம் தேதி பரீட்சையை எழுதிட்டு நேரா திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போறதா திட்டம்.

உங்களுக்குத் தெரியும்ல, பத்துப் பேர் சேந்தாத்தான் ஒரு விருப்பப் பாடம் நடக்கும். ஒன்பதுன்னா எடுத்துடுவாங்க. அன்னைக்கு மத்தியானம் நாலு மணிக்கு ஆலோசனைக்கு ஒன்பது பேர். ஆபீஸ்ல கிளார்க் சொல்லிட்டார், அஞ்சு மணிக்குள்ள இன்னொருத்தர் வரலைன்னா எல்லாரும் புள்ளியியலுக்குப் போயிடுங்கன்னு. ஞானம் வேப்பமரத்தடியில பையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் போய்க் கேட்டேன். கேக்கத்தான் செஞ்சேன். கட்டாயப்படுத்தலை. உன்னாலதான் இந்த ஒன்பது பேருக்கும் பாடம் கிடைக்கணும்னு சொன்னேன். இருபது நாள்தானே ஞானம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்னு சொன்னேன். அவர் முப்பது நாள் இருக்கார், இருபது போனா பத்து இருக்கேன்னு சொன்னேன். அழுதேன்னு வேணா வச்சுக்கங்க, கொஞ்சம். அவ பாரத்தைப் பிரிச்சு, எழுதினதை அடிச்சுட்டு, பக்கத்துல மாத்தி எழுதினா. பெரிய மனசு. அதை நான் எப்பவும் சொல்லுவேன், எங்க வேணாலும் சொல்லுவேன்.

சாத்தூர் தாண்டிட்டோமா? தாண்டிட்டோம். இன்னும் நேரம் கிடக்கு.

பிளெஸ்ஸி அப்பா வந்தார். பிளெஸ்ஸி அவ மக, அப்ப பன்னெண்டு வயசு. அவளையும் கூட்டிக்கிட்டு முதல் ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்கே வந்துட்டார், ஆறு மணி நேரம் பஸ்ல. கேட்டுக்கு உள்ள ஆம்பளைங்களை விடமாட்டாங்க. கேட்டுக்கு வெளிய ஒரு சிமென்ட் பெஞ்சு கிடக்கும். அதுல மூணு பேரும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாங்க. அதிர்ந்து பேசாத மனுஷன். ஹாஸ்டல் ரூம்ல மின்விசிறி சரியில்லைன்னு அவ முந்தின கோடையிலயே போன்ல சொல்லியிருப்பா போல. மஸ்கட்லேருந்தே ரெண்டு சார்ஜ் ஃபேன் வாங்கிட்டு வந்திருந்தார். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு. "நீங்களும் அதே ரூம்லதானே டீச்சர் இருக்கீங்க"ன்னு சொன்னார். அந்த ஃபேன்தான் இது. அவகிட்ட இருந்தது என்ன ஆச்சுன்னு தெரியலை.

அவளுக்கு வருகையில ஏற்கெனவே இடிச்சுது. அவரைக் கூப்பிடப் போனதுல முதல் ரெண்டு நாள் விட்டுப்போச்சு. ரெண்டு நாளுக்கு மேல விட்டா பரீட்சை எழுத முடியாது. வருகைப் பதிவேடு யார்கிட்ட? என்கிட்ட. நான்தான் வகுப்புப் பிரதிநிதி. காலையில ஒரு சுத்து, மத்தியானம் ஒரு சுத்து, கையெழுத்து வாங்கி ஆபீஸ்ல வைக்கணும்.

ரெண்டாவது வாரம் கேட்டல் பயிற்சி. அதை இந்த வருஷம் நான்தான் நடத்தப் போறேன், உங்களுக்கு இப்பவே சொல்லிடறேன். ரெண்டு ரெண்டு பேரா உக்காரணும். ஒருத்தர் தன் மனசுல இருக்கறதைப் பத்து நிமிஷம் பேசணும். மத்தவர் கேக்கணும். புத்தி சொல்லக்கூடாது, நடுவுல பேசக்கூடாது, தன் கதையை எடுத்துவிடக்கூடாது. தலையாட்டலாம். கடைசியா அவங்க சொன்னதை நம்ம வார்த்தையில திருப்பிச் சொல்லலாம். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது"ன்னு முடிக்கணும். மேஜையில ஒரு வாட்ச். பத்து நிமிஷம் ஆனதும் நிறுத்திடணும். கேக்க சுலபமா இருக்கும். செஞ்சு பாருங்க, எத்தனை கஷ்டம்னு தெரியும். நமக்கெல்லாம் பேசிப் பேசியே பழக்கம்.

எனக்கு ஜோடி ஞானம். அவ வாட்சைக் கழட்டி நடுவுல வச்சா. பிளெஸ்ஸி அப்பாவைப் பத்தித்தான் பேசினா. "எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் டீச்சர். ஏழு லீவு. கூட்டிப் பாத்தா நாங்க சேந்து இருந்தது ஏழு மாசம். இது எட்டாவது மாசம்"னு சொன்னா. கணக்கு டீச்சர் இல்லையா. அப்புறம் சொன்னா, "வெளிய போயிட்டு வீட்டுக்குள்ள வரும்போதெல்லாம், செருப்பைக் கழட்டிக்கிட்டே 'ஞானம்'னு கூப்பிடுதாகளாம். நான் இல்லைன்னு தெரிஞ்சும் கூப்பிடுதாகளாம். பிளெஸ்ஸி போன்ல சொல்லிச் சிரிக்கா."

அவளும் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. நான் ஒரு வார்த்தை குறுக்க பேசலை. தலையாட்டினேன். அவர் கூப்பிடும்போது வீட்டுல நீங்க இல்லையேன்னு உங்களுக்கு வருத்தமா இருக்குன்னு திருப்பிச் சொன்னேன். நீங்க சொல்றது எனக்குப் புரியுதுன்னு முடிச்சேன். பேராசிரியர் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கார். வகுப்புல எல்லார் முன்னாலயும் சொன்னார், கேட்டல்னா முத்துச்செல்வி அம்மா கேட்டாங்களே, அதுதான் கேட்டல்னு. இருபது வருஷமா வகுப்புல நின்னு பேசறேன், ஒருத்தரும் என்னைப் பாராட்டினதில்லை. பேசாம இருந்ததுக்குப் பாராட்டு.

அன்னைக்குச் சாயங்காலம்தான் அவ கேட்டா. வியாழன், வெள்ளி, சனி, மூணு நாளைக்குத் தன் கையெழுத்தை நான் போட்டுடணும். ஞாயிறையும் சேத்தா நாலு நாள் வீட்டுல இருக்கலாம். என்ன விசேஷம்னு கேட்டேன். விசேஷம் ஒண்ணும் இல்லைன்னா. யாருக்கும் உடம்புக்குச் சரியில்லையான்னேன். எல்லாரும் நல்லாத்தான் இருக்காகன்னா. பிறகு எதுக்குன்னு கேட்டேன். "சும்மா டீச்சர். வீட்டுல இருக்கணும்."

நீங்களே சொல்லுங்க, சும்மான்னா என்ன அர்த்தம்? ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு ஆஸ்பத்திரின்னா போட்டிருப்பேன். முதல் கோடையில என் தம்பி புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு நான் ரெண்டு நாள் போனேன், ஞானம்தான் எனக்குக் கையெழுத்துப் போட்டா. ஆமா, போட்டா, இல்லைங்கலை. ஆனா அது ஒரு காரணம். சும்மா வீட்டுல இருக்கறதுக்குப் பொய்க் கையெழுத்தா? நாளைக்கு வகுப்புல ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு 'உள்ளேன் ஐயா' சொன்னா நாம விடுவோமா? அதுவும் எல்லார் முன்னாலயும் பேராசிரியர் என்னைப் பாராட்டி நாலு மணி நேரம்கூட ஆகலை. பதிவேட்டுல நான் கை வைக்கமாட்டேன் ஞானம், மன்னிச்சுக்கன்னு சொன்னேன். சரி டீச்சர்னா. அவ்வளவுதான் நடந்தது. ராத்திரி ரெண்டு பேரும் சேந்துதான் மெஸ்ஸுல சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயித்துக்கிழமையும் அவங்க வந்தாங்க, பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. நான் மாடியிலேருந்து பாத்தேன். மே முப்பது முடிஞ்சுது. அவ பரீட்சையைப் பாஸ் பண்ணிட்டா. ஜூன் ஒண்ணு பள்ளிக்கூடம் திறந்தாச்சு. ஒன்பதாம் தேதி அவர் விமானம் ஏறிட்டார்.

ஆகஸ்ட் மாசம் ஞானத்துக்குப் போன் வந்தது. தங்கியிருந்த கேம்ப்ல காலையில எழுப்பினாங்களாம், எந்திரிக்கலை. நாற்பத்தி மூணு வயசு. உடம்பு வந்து சேரப் பதினெட்டு நாள் ஆச்சு.

இந்தப் பிளாஸ்க்ல தண்ணி இருக்கு, குடிக்கறீங்களா? நான் கொஞ்சம் குடிச்சுக்கறேன்.

போனேன். எட்டயபுரத்துல வீடு. அவ ஒரு மூலையில சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா, அழலை. நான் பக்கத்துல போய் உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன். அந்த நேரத்துல என்ன சொல்றதுன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், படிச்சிருக்கேனே. ஆறுதல் சொல்லக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, கூட இருக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவாச் சொன்னேன், நீங்க சொல்றது எனக்குப் புரியுதுன்னு. அவ ஒண்ணும் சொல்லியிருக்கலைதான். பழக்கத்துல வந்துட்டது. அவ என் கையைத் திருப்பி என் வாட்சைப் பாத்தா.

"பத்து நிமிஷம் ஆயிட்டு டீச்சர். போங்க."

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? கடைசி பஸ்ஸை விட்டுடுவேனோன்னு அந்தத் துக்கத்துலயும் எனக்காகப் பாக்கறாளேன்னு நினைச்சேன். எந்திரிச்சு வந்துட்டேன். வீட்டுல வந்து என் வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னேன், பாருங்க எப்படிப்பட்ட பொண்ணுன்னு. ரெண்டு மூணு வருஷம் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் அவ யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கறதில்லை. காய்ச்சலோட வந்து பாடம் எடுப்பா, என் பீரியடைக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு ஒருத்தர்கிட்ட கேக்கமாட்டா. எங்க ஸ்டாஃப் ரூம்ல சின்னச் சின்ன உதவி கேக்காம ஒரு நாள் ஓட்ட முடியுமா? அவ ஓட்டறா.

நான் ஒரு தப்பும் பண்ணலைன்னு சொன்னேன்ல. போன வாரம் வரைக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாய் பழகிப்போச்சு, அதான் உங்ககிட்டயும் அப்படியே ஆரம்பிச்சுட்டேன்.

போன வாரம் வகுப்புக்குத் தயார் பண்ணலாம்னு என் பழைய ரெக்கார்டு நோட்டைப் பரண்லேருந்து இறக்கினேன். கேட்டல் பயிற்சி முடிஞ்சதும் ஒவ்வொருத்தரும் ஒரு அறிக்கை எழுதணும். யாரைக் கேட்டோமோ அவங்க பேரை மறைச்சு, பின்னணி, பிரச்சினை, கடைசியா பரிந்துரை. அதை அவங்களே படிச்சுப் பாத்துட்டு, நான் சொன்னது சரியாப் பதிவாகியிருக்குன்னு கீழ கையெழுத்துப் போடணும். அது இல்லைன்னா மதிப்பெண் கிடையாது. எனக்கு எழுதினதே மறந்துபோச்சு. முதல் மதிப்பெண் வாங்கினது மட்டும் ஞாபகம் இருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சேன்.

இந்தப் பையிலதான் இருக்கு. பாருங்க, என் கையெழுத்து அப்ப எத்தனை அழகு. இந்தக் கடைசிப் பத்தி. நானே படிக்கறேன். "பரிந்துரை: திருமதி அ அவர்கள் இந்த விடுப்பில் குறைந்தது நான்கு நாட்களாவது தம் கணவருடன் தம் இல்லத்தில் இருப்பது இன்றியமையாதது. இதற்குத் தனியான காரணம் எதுவும் தேவையில்லை. உடன் பயில்வோர் இதற்கு உதவ முன்வர வேண்டும்."

நான் எழுதினதும்மா. அவ கேட்டு, நான் முடியாதுன்னு சொல்லி, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு எழுதியிருக்கேன். தேதி போட்டிருக்கு பாருங்க, வெள்ளிக்கிழமை. அவ வீட்டுல இருந்திருக்க வேண்டிய வெள்ளிக்கிழமை. எனக்குப் புரியலைன்னு சொல்ல முடியாது. எல்லாம் புரிஞ்சிருக்கு. புரிஞ்சதை அழகா எழுதி மார்க் வாங்கிட்டேன். மிக நன்றுன்னு சிவப்பு மையில இருக்கு. அதுக்குக் கீழ பாருங்க. ஞானசௌந்தரி.

நான் இந்த நோட்டை நீட்டினப்ப அவ ரூம்ல கட்டில்ல உக்காந்திருந்தா. படிச்சா. முழுசாப் படிச்சா. பேனா இருக்கா டீச்சர்னு கேட்டா. கொடுத்தேன். போட்டா. எனக்கு அவ கையெழுத்து வேணும்னதும் ஒரு கேள்வி கேக்காம போட்டா. அவ கையெழுத்தை என்னைப் போடச் சொன்னப்ப நான் என்ன விசேஷம்னு கேட்டேன்.

ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கலை. திங்கக்கிழமை நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் அவ மேஜை முன்னால நின்னேன். அவ நிமிந்து பாத்து, "எட்டாங்கிளாஸ் நோட்டா டீச்சர்?"னு கேட்டா. ஆமான்னு சொல்லித் திரும்பிட்டேன். பெத்த தாய் செத்தப்பகூட நான் இப்படி அழலை. கை கழுவுற குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன்.

வகுப்பெடுக்க வரலைன்னு பேராசிரியருக்குப் போன் பண்ணிடலாமான்னு பாத்தேன். அவர் முந்திக்கிட்டார். ஆலோசனைக்கு இந்த வருஷமும் ஒன்பது பேர்தான் சேந்திருக்காங்களாம். நீங்க வந்து பேசினா ஒரு ஆள் கிடைக்காமலா போயிடும்னார். ஒரு ஆள்தான்மா. உண்மையைச் சொல்லணும்னா, உங்ககிட்ட நான் பேச்சுக் கொடுத்ததே கையில அந்தப் பாரத்தைப் பாத்துத்தான். அந்தக் கட்டம் காலியா இருக்கு. எழுதிடுங்களேன். நல்ல பாடம்மா. வாழ்க்கைக்கு உதவும். நான் இருக்கேன், பதிவேடு இந்தத் தடவையும் என்கிட்டத்தான் இருக்கும்.

என்ன சொன்னீங்க? ஃபேன் சத்தத்துல கேக்கலை. முதல் பேட்ச் எழுதலாம்னு பாத்தீங்களா? ஏன்? ஓ. கைக்குழந்தையா. போன்ல இருக்கே, அதுவா? பல் வந்துடுச்சே. எத்தனை மாசம்? பத்தா. உங்கம்மாகிட்ட விட்டுட்டு வரணுமா, அவங்களுக்கு மே பத்து வரைக்கும்தான் தோதுப்படுமா. பாத்துக்குவாங்கம்மா, அம்மாவைவிட யாரு நல்லாப் பாப்பாங்க. முதல் பேட்ச்னா மே பத்துக்கு முடியும், இதுன்னா மே முப்பது. நடுவுல என்ன இருக்கு, இருபது நாள்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள...

என்ன சொன்னேன் நான் இப்ப?

வேண்டாம். வேண்டாம்மா, என் முகத்தைப் பாக்காதீங்க. நீங்க எழுத நினைச்சதை எழுதுங்க. எழுதி மடிச்சுப் பைக்குள்ள வச்சுடுங்க, யார் கேட்டாலும் பிரிக்காதீங்க. நான் அழுதாலும் பிரிக்காதீங்க.

நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன். ஃபேனை முழுசா உங்க பக்கமே வச்சுக்கங்க.